பிறந்த தேதிக்கு மூன்று வருஷம் முன்னால்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், ஸ்கேன் எடுக்கிறேன் என்று சொல்லி வைப்பேன். நிஜத்தில் நான் பார்ப்பது தூங்க வைக்கிற வேலை. படத்தை மெஷினே எடுத்துக்கொள்ளும். அந்த மெஷினுக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு, வாயில் நுழையாது. நாங்கள் அதைத் தூங்குமூஞ்சி என்போம். உள்ளே படுத்திருக்கிற ஆள் தூங்கினால்தான் அது ஓடும். ஊசி போட்டு மயக்கினால் ஒத்துக்கொள்ளாது. கண்ணை மூடிக்கொண்டு நடித்தால் கண்டுபிடித்துவிடும். கனவு வருகிற அசல் தூக்கம் வேண்டும் அந்தச் சவத்து மெஷினுக்கு.

பாளையங்கோட்டையில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு அது வந்து ஆறு வருஷம் ஆகிறது. கைக்குழந்தைகள் பிரச்சினை இல்லை. வயிறு நிறையப் பால் கொடுக்கச் சொல்லி, ஏப்பம் எடுத்து, துணியில் இறுக்கச் சுற்றித் தோளில் போட்டுத் தட்டினால் பத்து நிமிஷத்தில் தூங்கிவிடும். வயசானவர்கள்தான் என் உயிரை வாங்குவார்கள். ஒருத்தருக்கு மின்விசிறி கடகடவென்று சத்தம் போட வேண்டும். ஒரு அம்மாவுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் யாரையாவது பற்றி வம்பு பேசிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு ரிட்டையர்டு வாத்தியார் பரீட்சை ஹால் மாதிரி அமைதி இருந்தால்தான் தூங்குவேன் என்றார். அவருக்காக நான் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். எல்லாம் என் தலையெழுத்து.

மத்தியானம் சாப்பாடு முடிந்து இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரைதான் எங்கள் நேரம். திரையெல்லாம் இழுத்துவிட்டு, நீலமாக ஒரு சின்ன விளக்கு மட்டும் எரியும். அந்த அறையில் உட்கார்ந்திருந்தால் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல இருக்கும். எனக்கே சொக்கும்.

அந்தத் திங்கட்கிழமை சுடர்விழி வந்தாள். இருபத்தெட்டு வயசு இருக்கும். தோளில் முப்பத்துநாலு நாள் ஆன பெண் குழந்தை. இன்னும் பேர் வைக்கவில்லை. பின்னாலேயே அவள் மாமனார் மந்திரமூர்த்தி, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் சீப்பு. அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ரிட்டையர் ஆனவர். சுடர்விழியின் புருஷன் உவரிக்கு அந்தப் பக்கம் கடலுக்குள் கரண்டுக்காக நட்டிருக்கிற காத்தாடிகளை ரிப்பேர் பார்க்கிறவன். போனால் மூன்று வாரம் கரைக்கு வர முடியாது. அதனால் மாமனாரும் மருமகளும்தான்.

குழந்தைக்கு வலிப்பு மாதிரி வந்துகொண்டிருந்தது. பால் குடிக்கும்போதே கண் ஒரு பக்கமாக நிலைகுத்தும், வலதுகை மட்டும் வெட்டி வெட்டி இழுக்கும். படம் எடுத்ததில் மூளையின் இடதுபக்கம் ஒரு நிழல் தெரிந்தது. கடலைப்பருப்பு அளவு.

எங்கள் டாக்டர் சங்கரநயினார் சின்னப் பையன்தான், முப்பத்துநாலு வயசு. கெட்டிக்காரர், ஆனால் மெட்ராஸிலேயே வளர்ந்தவர். அவர் சுடர்விழிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, அந்த நிழல் ரெண்டுல ஒண்ணா இருக்கலாம். பிரசவ நேரத்துல அழுத்தம் பட்டு ரத்தம் கட்டியிருக்கலாம். அப்படின்னா தொடவே வேண்டாம், மூணு நாலு மாசத்துல தானே கரைஞ்சிரும். இல்லேன்னா ரத்தக்குழாய்கள் பின்னிக்கிட்டுப் பிறந்திருக்கலாம். லட்சத்துல ஒரு பிள்ளைக்கு வர்றது. அது மூணாவது மாசத்துக்குள்ள வெடிக்கும். உடனே ஆபரேஷன் பண்ணணும்."

"பாத்தா எதுன்னு தெரியாதா சார்?"

"இந்த வயசுல ரெண்டும் படத்துல ஒண்ணு போலத்தான் இருக்கும்மா. ரத்த டெஸ்ட்லயும் தெரியாது."

"ஆபரேஷன் பண்ணிட்டா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?"

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "உயிருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அது பேச்சு உண்டாகிற இடம். அத எடுத்தா, பாப்பாவுக்குப் பேச்சு வராமப் போறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்."

சுடர்விழி குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். மந்திரமூர்த்திதான் கேட்டார், "அதுக்கு நான் எதுக்கு சார்? என்னைய ஏன் கூப்பிட்டீங்க?"

"போன வருஷம் உங்களுக்கு வார்த்தை தடுமாறுதுன்னு எடுத்த படத்துல, அதே இடத்துல அதே மாதிரி ஒரு நிழல் இருக்கு ஐயா. உங்க மகனுக்கு இல்ல. இந்த நோய் ஒரு தலைமுறையத் தாண்டி வரும். சில பேருக்கு வெடிக்காமலே காய்ஞ்சு போயிரும், நீங்க அப்படித் தப்பிச்சவரா இருக்கலாம். உங்க நிழல் பிறக்கும்போதே இருந்துச்சுன்னா, பாப்பாவுக்கும் அதேதான். நடுவுல வந்ததுன்னா, பாப்பாவோடது வெறும் ரத்தக்கட்டு."

"நான் பிறந்தப்ப என் தலையில என்ன இருந்துச்சுன்னு இப்ப எப்படிப் பாப்பீங்க?"

"மூளை எதையும் தூக்கிப் போடாது ஐயா. ஒரு ஞாபகம் உண்டானப்ப மூளை எந்த வடிவத்துல இருந்துச்சோ, அந்தச் சுவடும் அந்த ஞாபகத்தோடயே இருக்கும். நீங்க தூங்கும்போது இந்த மெஷின் ஒவ்வொரு ஞாபகமா லேசாத் தட்டிக்கிட்டே பின்னால போகும். எழுபத்துநாலு, எழுபது, அறுபதுன்னு அப்படியே பிறந்த நாள் வரைக்கும்."

மந்திரமூர்த்தி சிரித்தார். "ரிவர்ஸ் கியர்னு சொல்லுங்க."

அந்தச் சிரிப்பிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. தூக்கம் எப்படி வரும் அண்ணாச்சி என்று கேட்டேன்.

"பஸ் ஸ்டாண்டுல வண்டி நிக்கணும். இன்ஜின் ஓடணும். வண்டி எடுக்குத டைமுக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கணும். ஸ்டியரிங்ல தலைய வச்சா அந்த உறுமல்ல அப்படியே கண்ணு சொருகும் பாருங்க, அந்தத் தூக்கம் மெத்தையில வராது."

"ஓட்டும்போதுமா?"

"எம்மா, அப்படில்லாம் வெளிய சொல்லி என் பேரைக் கெடுத்துராதீங்க!"

இப்போது டீசல் பஸ்ஸுக்கு எங்கே போக? எங்கெங்கோ துழாவி, பழைய பஸ் ஒன்று நின்று உறுமுகிற சத்தத்தைப் பிடித்துப் போட்டேன். ஏழே நிமிஷம். ஆள் தூங்கிவிட்டார்.

தூங்குமூஞ்சியில் ஒரு விசேஷம் உண்டு. தட்டப்பட்ட ஞாபகமெல்லாம் கனவாக வரும். பின்னால் போகப் போக ஆள் பேச ஆரம்பித்துவிடுவார். திரையில் வயசு இறங்கிக்கொண்டே வரும், மூளை நீலமாக மெதுவாகத் திரும்பும், அந்தந்த வயசின் குரல் வாயிலிருந்து வரும். ஆறு வருஷமாகக் கேட்கிறேன், இன்னும் எனக்கு மயிர்க்கூச்செறியும். அறுபதில் மந்திரமூர்த்தி, "ஏலே, ஹாரன் அடிக்கான் பாரு, பெரிய கலெக்டரு" என்று யாரையோ ஏசினார். நாற்பதில் யாரையோ தூங்கு ராசா தூங்கு என்று தட்டினார். இருபத்துமூன்றில் மெதுவாக, "பகவதி, ஒரு நிமிஷம் நில்லு" என்றார். அவர் சம்சாரத்தின் பெயர் வடிவு என்று ஃபாரத்தில் இருந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எட்டு வயசில் கோலிக்குச் சண்டை.

சுழியத்தில் மெஷின் நின்றது. நிழல் அப்படியே இருந்தது.

"இருக்கு," என்றார் டாக்டர். "பிறவியிலேயே இருக்கு. பாப்பாவ மெட்ராஸுக்கு அனுப்பணும். வெள்ளிக்கிழமைக்கே ஆபரேஷன் கேட்டுப் பாக்குறேன்."

அந்த நேரம் உள்ளே படுத்திருந்தவர், "எம்மா, பல்லு வலிக்கி," என்றார். எனக்கு அது காதில் விழுந்தது. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற சுடர்விழியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் மனசில் ஏறவில்லை.

எழுந்ததும் பத்துக் கேள்வி கேட்க வேண்டும், அது விதி. பேர், ஊர், சம்சாரம் பேர், பிள்ளைகள் பேர், பார்த்த வேலை, இப்படி. மெஷின் தட்டினதில் ஏதாவது கலைந்துபோயிருக்கிறதா என்று பார்க்கத்தான். கலக்கிய குளம் மாதிரி, கொஞ்சம் சேறு அடங்காமலே போய்விடும். அதனால் ஒருத்தருக்கு வருஷத்துக்கு ஒரு தடவைக்கு மேல் ஓட்டக்கூடாது. அவருக்கு ஒன்பது வந்தது. கடைசியாக ஓட்டிய வண்டியின் நம்பர் மட்டும் வரவில்லை. "போனா போவுது, அதை வச்சு இனி என்ன செய்யப்போறேன்," என்றார்.

மறுநாள் வேறொரு கைக்குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தேன். அது என்னைப் பார்த்துப் பெரிசாகக் கொட்டாவி விட்டது. பொக்கை வாய், ரோஸ் நிறத்தில் ஈறு. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. யாத்தாடி! பிறந்த பிள்ளைக்கு ஏது பல்லு? பல்லு கிடக்கட்டும், பிறந்த பிள்ளை எப்படி "எம்மா, பல்லு வலிக்கி" என்று சொல்லும்?

மற்றவர்களெல்லாம் சுழியத்துக்கு வரும்போது குவா குவா என்று அழுவார்கள், இல்லையென்றால் சத்தமே இருக்காது. பேசின ஆளே கிடையாது. ஓடிப்போய் நேற்றைய படத்தைத் திறந்தேன். டாக்டர்கள் மூளையை மட்டும்தான் பார்ப்பார்கள். நான் எலும்பைக் காட்டச் சொன்னேன். கீழ்த்தாடையில் பத்து, மேல்தாடையில் பத்து, வரிசையாகப் பால்பல். உச்சியில் குழி மூடியிருந்தது. பிறந்த பிள்ளையின் உச்சிக்குழியைத் தினமும் கையால் தடவுகிறவள் நான், எனக்குத் தெரியாதா?

டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "தலை அளவு சரியாத்தானே இருக்கு?"

"நீங்க குடுத்த வயசுக்குத் தக்க அது தலையைச் சுருக்கிக் காட்டிரும் டாக்டர். நீங்கதான் எனக்கு அதைச் சொல்லிக்குடுத்தீங்க. இது மூணு வயசுப் பிள்ளை."

"ஆனா கார்டுல எழுபத்துநாலுன்னு இருக்கே. பிறந்த தேதி ஜூன் ஒண்ணு."

"ஜூன் ஒண்ணா?" எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அந்தக் காலத்துல எங்க ஊரு பள்ளிக்கூடத்துல சேந்த பாதிப் பேரு ஜூன் ஒண்ணுதான் டாக்டர். ஹெட்மாஸ்டர் போடுத தேதி அது."

"பிறந்த தேதிய வாத்தியார் போடுவாரா? எதுக்கு?"

இவர் பிறந்த அன்றே கணினியில் பதிவான பிள்ளை, இவருக்கு எப்படிப் புரியவைக்க?

புதன்கிழமை காலையில் வார்டுக்குப் போனேன். மந்திரமூர்த்தி பேத்தியை மடியில் போட்டு உள்ளங்காலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சுடர்விழி மெட்ராஸுக்குப் பை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, உங்க நிஜ வயசு என்ன?"

"எழுபத்துநாலு. கார்டுல இருக்குல்லா?"

"கார்டுல இருக்கதக் கேக்கல. உங்க நிஜ வயசக் கேக்குதேன்."

அவர் முகம் சட்டென்று மாறியது. "என்ன சிஸ்டர், போலீஸ் மாதிரி கேக்கீங்க? கவர்ன்மென்ட் சீல் குத்தின தேதி அது. முப்பத்தஞ்சு வருஷம் சர்வீஸ் போட்டவன் நான். ஒரு கேஸ் கிடையாது, ஒரு மெமோ கிடையாது."

அந்த இடத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. எனக்கு எப்பவுமே அது கொஞ்சம் கம்மிதான். "உம்ம சர்வீஸை யாரு வே கேட்டா? நாளன்னைக்கு இந்தப் பிள்ளை மண்டையப் பிளந்து பேச்ச எடுத்துரப்போறாங்க. நீரு சீலப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்கீரு!"

வார்டே திரும்பிப் பார்த்தது. சுடர்விழி பையை விட்டுவிட்டு எழுந்து வந்தாள். "எக்கா, என்ன சொல்லுதீங்க?"

சொன்னேன். பல்லைச் சொன்னேன், உச்சிக்குழியைச் சொன்னேன், அவர் பேசினதைச் சொன்னேன். மந்திரமூர்த்தி குனிந்த தலை நிமிரவில்லை. அப்படியே சொல்ல ஆரம்பித்தார்.

"எட்டு வயசுலதான் ஒண்ணாப்புல சேத்தாங்க. அதுவரைக்கும் தங்கச்சிகளப் பாத்துக்கிட்டு வீட்டுல கிடந்தேன். தலைக்கு மேல கையப் போட்டுக் காதத் தொடச் சொன்னாரு வாத்தியாரு. நான் தொட்டு, காத முறுக்கியும் காட்டிட்டேன். அவரு சிரிச்சுட்டு, சின்ன வயசா இருந்தாத்தான் பின்னால வேலைக்கு நல்லதுன்னு அஞ்சுன்னு எழுதிக்கிட்டாரு. மூணு வருஷம் அதிகமா வேல பாத்துட்டேன் சிஸ்டர். யாராவது கண்டுபிடிச்சுருவாங்களோன்னு ரிட்டையர் ஆகுத வரைக்கும் பயந்துக்கிட்டேதான் வண்டி ஓட்டுனேன். என் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது."

"அப்ப எழுபத்தேழு."

"ஏழா, ஏழரையா, எட்டா, யாருக்குத் தெரியும்? தேரோட்டம் முடிஞ்சு மூணாம் நாள் பிறந்தேன்னு எங்கம்மா சொல்லுவா. எந்த வருஷத்துத் தேருன்னு சொல்லல."

இங்கேதான் சிக்கல். நிஜமாகப் பிறந்த நாள்வரை பார்க்க மெஷினை மறுபடியும் ஓட்ட வேண்டும். டாக்டர் பயந்துபோனார். விதிப்படி ஒரு வருஷம் பொறுக்க வேண்டும், நமக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது. அதோடு எத்தனை வருஷம் என்று சரியான கணக்கும் இல்லை.

"குறைவா ஓட்டினா ஒண்ணும் தெரியாது," என்றார். "பிறப்பைத் தாண்டி ஓட்டினா தட்டுறதுக்கு அங்க ஞாபகமே இருக்காது. இருக்கிறதையெல்லாம் போட்டுக் கலைச்சிரும். எங்க நிறுத்தணும்னு மெஷினுக்குத் தெரியாது ஜெபக்கனி."

"எனக்குத் தெரியும். காதால கேட்டு நிறுத்துதேன்."

அவர் என்னை நம்பாமல் பார்த்தார். நான் ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பேச்சு குறைந்து, ஒற்றை வார்த்தையாகி, வார்த்தையும் போய் வெறும் சத்தமாகிறது எனக்குப் பழகின பாதை. எதிரில் ஆள் வருகிறது தெரிந்தால் பிரேக் போட மாட்டேனா?

சுடர்விழி ஒத்துக்கொள்ளவில்லை. வராந்தாவுக்கு என்னை இழுத்துக்கொண்டு போய், "வேண்டாம்க்கா," என்றாள். "எனக்கு அப்பா இல்ல. கல்யாணம் ஆகி வந்த அன்னைக்கு மாமா, இது உன் வீடு, நீ எப்ப எந்திரிச்சாலும் நான் காப்பி போட்டு வைப்பேன்னாரு. நாலு வருஷமா அவருதான் காப்பி போடுதாரு. எம்பிள்ளைக்காக அவர அழிக்கச் சொல்லுதீங்களா? பேச்சு வராட்டாப் போவுது, நான் கையால பேசிக்கிடுவேன்." சொல்லிக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன். இரண்டு பேரும் அழுது முடித்துத் திரும்பினால், பின்னால் அவர் நின்றுகொண்டிருக்கிறார்.

"ஏ பிள்ள, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம நீயா எப்படி முடிவு பண்ணுத?" என்றார். அப்புறம் என்னிடம் திரும்பி, "எது போவும் சிஸ்டர்?"

"சொல்ல முடியாது அண்ணாச்சி. கடைசியாச் சேந்ததுதான் லேசாக் கலையும்னு சொல்லுவாங்க. சில பேருக்கு ஒண்ணுமே போகாது."

"கடைசியாச் சேந்ததுன்னா முட்டுவலி, சுகரு, மாத்திரை. போவட்டும்." அவர் மட்டும் சிரித்தார். "நான் பொய் சொன்னதால இந்தப் பிள்ளை ஊமையாச்சுன்னு இருக்கக்கூடாது. அவ்வளவுதான்."

வியாழக்கிழமை மத்தியானம். படுக்கிறதுக்கு முன்னால் குழந்தையைக் கேட்டு வாங்கினார். அதன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். உச்சியில் மூக்கை வைத்து மோந்தார். பிறகு மருமகளையும் அதேபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மதியம் சாப்பிட்டியா பிள்ள?" என்றார். அவள் தலையாட்டினாள். சாப்பிடவில்லை, எனக்குத் தெரியும்.

இன்ஜின் உறுமலைப் போட்டேன். அவர் தூங்கிப்போய்விட்டார்.

அறுபது, நாற்பது, இருபத்துமூன்று. எல்லாம் திங்கட்கிழமை கேட்ட குரல்கள்தான், ஆனால் இந்தத் தடவை கொஞ்சம் தூரத்திலிருந்து வருகிற மாதிரி இருந்தது. நீல வெளிச்சத்தில் எல்லாரும் சிலை மாதிரி நின்றோம். சுழியம். "எம்மா, பல்லு வலிக்கி." நிழல் இருந்தது. மெஷின் நிற்கப் பார்த்தது, நான் விடவில்லை. திரையில் வயசு மைனஸுக்குப் போயிற்று. சிவப்பு விளக்கு எரிந்தது, அணைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டேன்.

"அம்மா தூக்கு."

"பாப்பா அடிக்கா."

"தண்ணி."

வார்த்தைகள் குட்டையாகிக்கொண்டே வந்தன. எழுபத்தேழு வயசுத் தொண்டையில் இரண்டு வயசுக் குரல். டாக்டர் என் பக்கத்தில், இருக்கு, இருக்கு, இன்னும் இருக்கு என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். திடீரென்று ஒரு அலறல். சின்னப் பிள்ளை எங்கேயோ உயரத்திலிருந்து விழுந்து, மூச்சை அடக்கி, அப்புறம் வீறிடுமே, அந்த அலறல். பின்னோட்டத்தில் முதலில் அழுகை வந்தது, அப்புறம் ஒரு நொடி மௌனம்.

மௌனத்துக்கு அந்தப் பக்கம் சிரிப்பு.

"இல்ல!" டாக்டர் கத்தினார். "நிழல் இல்ல! விழுந்ததுல வந்தது! ஜெபக்கனி, நிறுத்துங்க!"

நான் கண்ணைத் திறந்தேன். மூளை நீலமாகச் சுத்தமாக இருந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். யாரோ தூக்கிப் போட்டுப் பிடிக்கிறார்கள் போல. கெக்கெக்கே என்று அப்படி ஒரு சிரிப்பு, நான் என் பிள்ளையிடம்கூட அப்படிக் கேட்டதில்லை. என் விரல் பொத்தான் மேலேயே இருந்தது. இரண்டு நொடி, அதற்கு மேல் இருக்காது, நான் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டேன். பிறகு நிறுத்தினேன்.

அந்த இரண்டு நொடியை நான் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரும் கேட்கவில்லை.

சுடர்விழி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் ஓடிப்போய், "ஆபரேஷன் வேண்டாம்மா, பாப்பாவுக்கு வெறும் ரத்தக்கட்டுதான், தானே கரைஞ்சிரும், பேசுவா, நல்லாப் பேசுவா," என்று மூச்சுவிடாமல் சொன்னார். அவள் குழந்தையின் வாயில் முத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தாள். பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

அவர் எழுந்து உட்கார்ந்தார். சீப்பை எடுத்துத் தலையைச் சீவிக்கொண்டார். நான் ஃபாரத்தை எடுத்தேன்.

பேர் சொன்னார். ஊர் சொன்னார். சம்சாரம் பேரைச் சொல்லிவிட்டு, "அவ போயி ஒம்பது வருஷம் ஆச்சு," என்றார். டெப்போ பேர் சொன்னார். போன தடவை வராத வண்டி நம்பர்கூடத் துல்லியமாக வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பெரிசு பெரிசாக டிக் போட்டேன். கடைசிக் கேள்விக்கு வந்தேன்.

"பிள்ளைங்க எத்தனை அண்ணாச்சி? பேரு என்ன?"

"ஒரே பய. செந்தூரன். கடலுக்குள்ள காத்தாடி வேல," என்றார். "நல்ல பய சிஸ்டர். அவனுக்கு இனிமேதான் ஒரு பொண்ணு பாக்கணும்."

பேனா என் கையில் அப்படியே நின்றது. நிமிர்ந்து பார்த்தால், வாசலில் குழந்தையோடு சுடர்விழி. கேட்டுவிட்டாள். அந்தப் பத்துக் கேள்வியில் மருமகளைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. எழுதினவனுக்கு அது தோன்றவே இல்லை. பையன் பேரைச் சரியாகச் சொல்லிவிட்டார், விதிப்படி பத்துக்குப் பத்து. இழப்பு ஏதும் இல்லை என்றுதான் நான் எழுத வேண்டும்.

"அண்ணாச்சி..." என்று ஆரம்பித்தேன். சுடர்விழி என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. பக்கத்தில் வந்து நின்றாள்.

அவர் மரியாதையாக வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து பார்த்தார். "பிள்ளைக்கு என்னம்மா?"

"சரியாயிட்டுங்க. ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க."

"நல்லது, நல்லது. பிள்ளை மூக்கும் முழியுமா நல்லா இருக்கு." ஆசையாகப் பார்த்தார். "பேரு வச்சாச்சா?"

"இன்னும் இல்ல. கொஞ்ச நேரம் வச்சிருக்கீங்களா? எனக்குக் கை கடுக்கு."

அவர் இரண்டு கையையும் நீட்டிப் பதவிசாக வாங்கி, தலையை முழங்கை மடிப்பில் வைத்து மடியில் போட்டுக்கொண்டார். குழந்தை அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்தது. அவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவள் வாடின முகத்தைப் பார்த்தார். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அவருக்குப் பார்த்ததுமே தெரிந்திருக்க வேண்டும்.

"கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு இப்படித் தனியாவா வருவீங்க?" என்றார். "கூட ஆளு யாரும் வரலியாம்மா?"

"வந்திருக்காங்க," என்று சொல்லி, சுடர்விழி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.